மியாரு கண்டு: உள்ளோட்டத்தில் ஒரு கால்வாய் டைவ் – நிகழ்வு ஆய்வு

மாலேயிலிருந்து தெற்கே ஸ்பீட்போட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் வாவு அட்டோல், வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம். மாலத்தீவில் மக்கள் தொகை மிகக் குறைந்த அட்டோல்களில் ஒன்று. சுறாக்களைப் பார்க்க வரும் டைவர்களுக்கோ முதல் வரிசையில் நிற்பது. அதன் கிழக்கு விளிம்பில், திறந்த கடலையும் வளையத்துக்குள் அடங்கிய கடலான லகூனையும் இணைக்கிற கால்வாய்கள் சில உண்டு. திவேஹி மொழியில் கால்வாயைக் கண்டு என்பார்கள். அவற்றில் ஒன்று மியாரு கண்டு, 1990களிலேயே பாதுகாக்கப்பட்ட டைவ் தளங்களின் பட்டியலில் சேர்ந்தது. இந்த ஆய்வு அந்த ஒரு கால்வாயில், வடகிழக்குப் பருவத்தில் செய்யப்படும் ஒரு டைவை முதலிலிருந்து கடைசி வரை பிரித்துப் பார்க்கிறது. பக்கத்துத் தளங்கள் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகின்றன.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கால்வாய் வாயில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் நீரோட்டத்தின் திசை. தண்ணீர் உள்ளே போகும்போது தவறு செய்தவரைக் கடல் லகூனுக்குள் கொண்டுவந்து விடும். வெளியே போகும்போது அதே தவறைச் செய்தவரை இந்தியப் பெருங்கடலுக்குள் கொண்டுபோகும். மற்ற எல்லா விதிகளும் இதற்குப் பிறகுதான்.

வளையமும் அதன் வாய்களும்

அட்டோல் என்பது பவளப்பாறை வளையம். வெளிப்புறச் சுவர் சரேலென்று பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். உள்ளே லகூனின் தரை பெரும்பாலும் 40 முதல் 80 மீட்டருக்குள் முடிந்துவிடும். வளையம் அறுபடும் இடங்கள்தான் கால்வாய்கள். கால்வாயின் தரை திறந்த கடலைச் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும், பெரும்பாலும் 25 முதல் 35 மீட்டர் ஆழத்தில். விளிம்புக்கு வெளியே நீலம் மட்டும். விளிம்பின் இரு பக்கமும் பாறை மூலைகள் மேலெழுந்து 5 முதல் 10 மீட்டர் ஆழம் வரை வரும்.

வடகிழக்குப் பருவத்தில் கடல்நீர் மொத்தமாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகர்கிறது. அட்டோலின் கிழக்குக் கால்வாய்கள் வழியாகப் பெருங்கடலின் தெளிந்த நீர் உள்ளே நுழையும். லகூனைச் சுற்றி மிதவை உயிரிகளைச் சுமந்துகொண்டு மேற்குக் கால்வாய்கள் வழியாக வெளியேறும். தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே முதல் நவம்பர் வரை, எல்லாம் தலைகீழ். சென்னையை நனைக்கும் வடகிழக்குப் பருவமழை ஓய்கிற ஜனவரியில்தான் மாலத்தீவில் அந்தப் பருவத்தின் நீரோட்டம் நிலைபெறுகிறது. வாவு கிழக்குக் கால்வாய்களுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. டிசம்பரில் திசை அடிக்கடி தடுமாறும். அந்த மாதத்தில் பயணம் பதிவு செய்கிறவர்கள் பாதி நாட்களுக்கு மாற்றுத் தளம் வைத்துக்கொள்வது நல்லது.

சுறாக்கள் ஏன் வாயில் கூடுகின்றன என்பதற்கு இரை மட்டும் காரணமில்லை. உள்ளே பாயும் நீர் வெளிச் சுவரில் மோதி மேல்நோக்கித் திரும்பும். அந்த மேலோட்டத்தில் சாம்பல் பாறைச் சுறாக்கள் வாலை அதிகம் அசைக்காமல் நிற்க முடிகிறது. பிரெஞ்சு பொலினீசியாவின் ஃபகரவா அட்டோலின் தெற்குக் கால்வாயில் செய்து 2021-ல் வெளியான ஆய்வு, இதனால் அவை 10 முதல் 15 சதவீதம் வரை ஆற்றலை மிச்சப்படுத்துவதாகக் கணக்கிட்டது. மியாரு கண்டுவில் பார்ப்பதும் இதே காட்சிதான். உள்ளோட்டம் வலுக்க வலுக்கச் சுறாக்கள் விளிம்புக்கு முன்னால் வரிசை கட்டும். ஓட்டம் நின்றால் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும். 2010-ல் மாலத்தீவு சுறா மீன்பிடிப்பை முழுதாகத் தடை செய்ததால்தான் இந்த வரிசை இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உள்ளோட்டம் என்று எப்படி உறுதி செய்வது

பருவ நீரோட்டம் பின்னணி. அதன்மேல் ஓதம் ஏறி இறங்குகிறது. மாலத்தீவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதாக ஒரு மீட்டர்தான். ஆனால் ஒரு லகூனின் பரப்பு முழுவதற்கும் அந்த ஒரு மீட்டர் நீர் சில வாய்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஏறும் ஓதம் பருவ ஓட்டத்தோடு சேர்ந்தால் உள்ளோட்டம் இரண்டு நாட் (knot, கடல்மைல் கணக்கில் வேக அளவு) வேகத்தைத் தாண்டும். இறங்கும் ஓதம் அதை எதிர்த்தால் ஓட்டம் தளர்ந்து நிற்கும், பருவ ஓட்டம் பலவீனமான நாட்களில் திரும்பியே விடும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இந்த ஊசல் பெரிது. அஷ்டமி ஒட்டிய நாட்களில் சிறிது. நம் கடற்கரையில் நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வலை விடுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஓத அட்டவணையை மட்டும் நம்புவது முதல் பிழை. அட்டவணை தருவது நீர்மட்டத்தின் உயரம். ஓட்டம் திரும்பும் நேரம் அதிலிருந்து விலகியே இருக்கும், வாய்க்கு வாய் மாறும். இரண்டாவது பிழை கடிகாரம். ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் ஆறு மணி நேரம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு அருமையான உள்ளோட்டம் கிடைத்த அதே வாயில், அடுத்த சனிக்கிழமை காலை 7 மணிக்கு நிலைமை நேரெதிராக இருக்கலாம். ஒரு வாரப் படகுப் பயணத்தில் தினமும் காலை டைவை ஒரே நேரத்துக்கு வைத்திருக்கும் அட்டவணை சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்பப் போட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே கண்ணால் பார்க்க வேண்டும். வழிகாட்டி மாஸ்க்கும் ஃபின்ஸும் மட்டும் போட்டுக்கொண்டு முதலில் மூலைக்கு வெளியே ஒரு முறையும், வாயின் நடுவே ஒரு முறையும் இறங்கிப் பார்ப்பார். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் எந்தப் பக்கம் போகின்றன, பாறையின் மேல் மீன்கள் எந்தப் பக்கம் தலை வைத்து நிற்கின்றன என்பதே போதும். மீன்கள் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைக்கும். மேலிருந்தும் தடயம் உண்டு. வெளியோட்டம் கிழக்கிலிருந்து வரும் காற்றலையோடு மோதும்போது வாயில் செங்குத்தான, உடையும் குற்றலைகள் நிற்கும், தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருக்கும். உள்ளோட்டத்தில் நீலமான தண்ணீர் நாக்கு போல வாய்க்குள் நீண்டிருக்கும், அலை மழுங்கி இருக்கும்.

வெளியோட்டம் தெரிந்தால் அந்த வாயில் டைவ் இல்லை. "இன்னும் அரை மணியில் திரும்பிவிடும்" என்ற எண்ணத்தில் இறங்குவது கூடவே கூடாது. அரை மணி தோணியிலேயே காத்திருந்து, மறுபடி இறங்கிப் பார்த்து, அதன்பின் முடிவெடுக்கலாம்.

குதிப்பிலிருந்து விளிம்பு வரை

தோணி டைவர்களை விடும் இடம் வாய் அல்ல. மூலையிலிருந்து 100 முதல் 150 மீட்டர் தள்ளி, வெளிச் சுவரை ஒட்டி விட வேண்டும். அங்கிருந்து சுவரோடு இறங்கி, மூலையைச் சுற்றி விளிம்புக்கு வந்து சேர்வதுதான் திட்டம். வாய்க்கு மிக அருகே விட்டால், 25 மீட்டர் இறங்குவதற்குள் ஓட்டம் விளிம்பைக் கடத்திவிடும். மிகத் தள்ளி விட்டால் சுவரில் நீந்தியே காற்று தீரும்.

இங்கே நுழைவு எப்போதும் எதிர்மிதப்பில்தான், அதாவது மேல்பரப்பில் மிதக்காமல் உடனே மூழ்கும்படி. பி.சி.டி.யில் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேற்சட்டை) காற்று துளியும் இருக்கக் கூடாது. தோணியிலேயே இன்ஃப்ளேட்டர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி வெறுமையாக்குவது வழக்கம். மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் பல்லிடையே, ஒரு கை மாஸ்க்கின் மேல், தண்ணீரில் விழுந்ததும் மூச்சை முழுதாக விட்டுத் தலைகீழாக இறங்க வேண்டும். 5 மீட்டரில் திரும்பி இணையை (சேர்ந்து இறங்கும் துணை டைவரை) பார்த்துச் சைகை. மேல்பரப்பில் "ஓகே" சொல்லிக் கூடிப் பேசுவது இங்கே கிடையாது. காரணம் எளிய கணக்கு: ஒன்றரை நாட் ஓட்டம் வினாடிக்கு 0.77 மீட்டர். மேல்பரப்பில் 20 வினாடி தாமதித்தால் 15 மீட்டர் தள்ளிப்போயாயிற்று.

எதிர்மிதப்பு நுழைவுக்கு இரண்டு முன்நிபந்தனைகள். டேங்க் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுத்து, பிரஷர் கேஜின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஆடினால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. இரண்டாவது, காது. சளி பிடித்தவர், முதல் 5 மீட்டரில் காதைச் சமன் செய்ய நேரம் எடுப்பவர் இந்த டைவில் சேரக் கூடாது. அவர் ஒருவர் நின்றால் இணையும் நிற்க வேண்டும், இருவரும் திட்டத்தை விட்டு விலகிப் போவார்கள்.

மூலையை அடையும்போது 22 முதல் 25 மீட்டரில் இருப்பது சரி. விளிம்புக்கு மேலே நிற்பதைவிடச் சற்றுக் கீழிருந்து ஏறி வருவது நல்லது, ஏனெனில் பாறையை ஒட்டிய ஒரு மீட்டரில் ஓட்டம் குறைவு. நடுத்தண்ணீரில் மிதந்து வருகிறவரை அது வாரிக்கொண்டு போகும். பாறையோடு ஒட்டி, செத்த பாறையைக் கையால் பற்றி நகர்கிறவர் சுலபமாக வந்துசேர்வார். மாலத்தீவின் பொழுதுபோக்கு டைவிங் விதிகளின்படி ஆழ வரம்பு 30 மீட்டர். மியாரு கண்டுவின் விளிம்பில் அந்த வரம்பு எப்போதும் காலுக்குக் கீழே மிக அருகில் இருக்கும். எனவே ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்கும் வேலை முடிவதே இல்லை.

கொக்கியில் நிற்கும் நேரம்

ரீஃப் ஹுக் என்பது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கயிறு, ஒரு முனையில் மழுங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி, மறுமுனையில் பி.சி.டி.யின் வளையத்தில் மாட்டும் கிளிப். கொக்கி செத்த பாறையின் இடுக்கில் மட்டும் போட வேண்டும். உயிருள்ள பவளம் ஓட்டத்தின் இழுப்பைத் தாங்காது; உடைந்தால் பவளமும் போயிற்று, நீங்களும் போனீர்கள். 1998-லும் 2016-லும் கடல் சூடாகி மாலத்தீவின் ஆழமற்ற பவளங்கள் பேரளவில் வெளுத்தன. மிஞ்சியதைக் கொக்கியால் உடைப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

கொக்கி பிடித்ததும் பி.சி.டி.யில் கொஞ்சம் காற்று சேர்த்தால் உடல் தரையிலிருந்து ஒரு மீட்டர் எழும்பிக் காற்றாடி போல நிற்கும். முகம் கடலை நோக்கி. கயிறு உடலின் நடுக்கோட்டில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். தோளில் ஒரு பக்கம் மாட்டினால் உடல் சுழன்றுகொண்டே இருக்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க்கில் தண்ணீர் புகும், ரெகுலேட்டரின் பர்ஜ் பொத்தானை (அழுத்தினால் காற்றைத் திறந்துவிடுவது) ஓட்டமே அழுத்திக் காற்றை வீணாக வெளியேற்றத் தொடங்கும். ரெகுலேட்டரில் காற்று தானாகப் பீறிடுவதைக் குறைக்கும் வென்ச்சுரி நெம்பு இருந்தால் கொக்கி போடும் முன்பே அதை "ப்ரீ-டைவ்" நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். மாற்று ரெகுலேட்டரைத் தொங்கவிடாமல் பிடிப்பானில் செருகுங்கள். இணையைப் பார்க்க வேண்டுமானால் தாடையைத் தாழ்த்தி மெதுவாகத் திரும்ப வேண்டும்.

பெரிய கேமராவைப் பற்றி ஒரு சொல். ஓட்டத்தின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஒரு நாட் ஓட்டத்தில் சுமாராகத் தெரியும் கேமரா இரண்டு நாட் ஓட்டத்தில் நான்கு மடங்கு இழுக்கும். இரு விளக்குக் கைகளை விரித்த கேமராவோடு முதல் முறை கால்வாய் வாய்க்கு வருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

காற்றுக் கணக்கு

12 லிட்டர் டேங்க், 200 பார் (அழுத்த அளவு) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2400 லிட்டர். இறங்கி விளிம்பை அடையும்போது நிதானமானவரிடம் 180 பார் இருக்கும். 28 மீட்டரில் சூழழுத்தம் 3.8 பார். மேல்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர் அங்கே 76 லிட்டர் எடுப்பார், அதாவது நிமிடத்துக்கு 6.3 பார்.

எப்போது கிளம்ப வேண்டும்? இணையின் காற்று முழுதாக நின்றுபோய் இருவரும் ஒரே டேங்கில் மேலே வர வேண்டியிருந்தால் எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி. பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. 30 மீட்டரில் ஒரு நிமிடம் சமாளிக்க 240 லிட்டர். 30-லிருந்து 5 மீட்டர் வரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார்: 495 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270 லிட்டர். கடைசி 5 மீட்டருக்கு 75 லிட்டர். கூட்டினால் 1080 லிட்டர். 12 லிட்டர் டேங்கில் 90 பார். கேஜ் பிழைக்கு இடம் விட்டால் 100.

ஆகவே இருவரில் யாராவது 100 பாரைத் தொட்டதும் இருவரும் கிளம்ப வேண்டும். 180-லிருந்து 100 வரை 80 பார், நிமிடத்துக்கு 6.3 வீதம் ஏறக்குறைய 12 நிமிடம். கொக்கியில் கிடைப்பது அவ்வளவுதான். "50 பாரோடு மேலே வந்தால் போதும்" என்ற பழக்கப்பட்ட விதியை வைத்துக்கொண்டு 70 பார் வரை சுறா பார்ப்பவர் தன்னை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறார், இணையை மறந்துவிட்டார்.

டிகம்ப்ரஷன் வரம்பும், அதாவது ஏறும்போது கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாமல் ஆழத்தில் இருக்கக்கூடிய நேரமும், கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கிறது. சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் வழக்கமான அட்டவணைகள் தருவது 20 நிமிடம். நைட்ராக்ஸ் 32-ல் (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்றுக் கலவை) 30 நிமிடம் வரை நீளும். அன்றைய இரண்டாவது, மூன்றாவது டைவில் அந்தக் கூடுதல் விலைமதிப்பற்றது. ஆனால் கலவையைத் தோணியில் ஏறும் முன்பே அனலைசரில் தானே அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 32 சதவீதத்துக்கு, ஆக்சிஜன் நஞ்சாகாமல் காக்கும் 1.4 பார் வரம்பு 33 மீட்டரைத் தாண்டித்தான் வருகிறது. 36 சதவீதம் நிரப்பியிருந்தால் 29 மீட்டருக்கு முன்பே வந்துவிடும். விளிம்பு அதற்குக் கீழே இருக்கலாம்.

கொக்கியை விடுவதற்கும் ஒழுங்கு உண்டு. இணைக்குச் சைகை, மேலே யாரும் இல்லையா என்று பார்வை, பி.சி.டி.யில் சேர்த்த காற்றை வெளியேற்றல். கயிற்றைப் பிடித்துத் தன்னை முன்னால் இழுத்துக் கயிறு தளர்ந்ததும் கொக்கியை எடுத்தல். மடித்துப் பையில் வைத்தல். காற்றை வெளியேற்றாமல் கொக்கியை எடுத்தவர் மேலே பாய்வார். தொங்கவிட்ட கொக்கி கால்வாய்த் தரையில் மறுபடி எதையாவது பிடித்து அவரைக் குப்புறத் திருப்பும்.

பிசகு நடக்கும் வரிசை

கீழே சொல்வது எந்த ஒரு நாளிலும் நடந்த ஒரு விபத்தின் பதிவல்ல. கால்வாய் வாய்களில் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் நிகழும் சங்கிலி. எண்கள் அதை விளக்குவதற்காகப் போட்டவை.

எட்டுப் பேர் கொண்ட குழு. ஆறு பேர் ஒன்றாக விழுகிறார்கள். கடைசி இணையில் ஒருவருக்கு ஃபின் பட்டை சரியாக மாட்டவில்லை; 25 வினாடி தாமதம். ஒன்றரை நாட் ஓட்டத்தில் அது 19 மீட்டர். 6 மீட்டரில் ஒருவருக்குக் காது அடைக்கிறது. 40 வினாடி நிற்கிறார்கள், இன்னும் 30 மீட்டர். இருவரும் மூலையை 15 மீட்டர் ஆழத்தில், வாய்க்கு மேலே நடுத்தண்ணீரில் கடக்கிறார்கள். கீழே 28 மீட்டரில் மற்ற ஆறு பேரும் கொக்கி போட்டு நிற்பது தெரிகிறது.

முடிவெடுக்க வேண்டிய இடம் இது. சரியான முடிவு: விளிம்பை விட்டுவிடுவது. அதே ஆழத்தில் ஓட்டத்தோடு கால்வாய்க்குள் மிதந்துபோய், பக்கப் பாறையில் ஒதுங்கி, மிதவைக் குழாயை (நீரின் மேல் நிமிர்ந்து நின்று தோணிக்கு இடம் காட்டும் காற்றுக் குழாய்) மேலே விட்டு ஏறுவது. இழப்பு, அன்றைய சுறாக்கள் மட்டும்.

பெரும்பாலும் எடுக்கப்படும் முடிவு: கீழே பாய்ந்து குழுவை நோக்கி உதைப்பது. நல்ல நீச்சல்காரரே முழுக் கருவிகளோடு ஒரு நாட் ஓட்டத்துக்கு எதிராகச் சில நிமிடமே தாக்குப்பிடிப்பார். மூச்சு இரு மடங்காகிறது: 28 மீட்டரில் நிமிடத்துக்கு 152 லிட்டர், 12 பாருக்கும் மேல். தரையைப் பற்றித் தவழ்ந்து நான்கு நிமிடத்தில் விளிம்பை அடைந்தால் 50 பார் செலவு. கொக்கி போடும்போது 120 பார். மூச்சு இன்னும் இறங்கவில்லை. ஆழத்தில் இப்படி உழைத்தவரின் உடலில் கரியமில வாயு தேங்குகிறது. அது பதற்றத்தைக் கூட்டும், நைட்ரஜன் மயக்கத்தையும் கூட்டும். கைக்குக் கிடைத்த இடத்தில் கொக்கியை மாட்டுகிறார், உயிருள்ள பவளமா என்று பார்க்கும் நிலையில் இல்லை. வழிகாட்டி சைகை காட்டும்போது அவரிடம் 80 பார். அவசரத்தில் பி.சி.டி.யை வெறுமையாக்காமல் கொக்கியை எடுக்கிறார். 28-லிருந்து 15 மீட்டருக்கு இருபதே வினாடியில் வந்துவிடுகிறார்.

இந்தச் சங்கிலியில் உடைக்கச் சுலபமான கண்ணி முதலாவது. ஃபின் பட்டை, மாஸ்க், எல்லாம் மாட்டி, எட்டுப் பேரும் தோணி விளிம்பில் நின்று தயார் என்று கை காட்டிய பிறகே "குதி" என்ற சொல் வர வேண்டும். யாராவது தயாரில்லை என்றால் தோணி ஒரு சுற்று சுற்றி வரும். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. விளிம்பைத் தவறவிட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் டைவுக்கு முந்தைய விளக்கத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லாத வழிகாட்டியிடம் கேளுங்கள்.

கீழே இழுக்கும் நீர்

உள்ளோட்டத்திலும் மூலைகளுக்கு அருகே நீர் கீழ்நோக்கிப் புரளும் இடங்கள் உண்டு. வெளியோட்டத்தில் விளிம்புக்கு வெளியே அது இன்னும் கடுமை. அடையாளம்: உங்கள் குமிழிகள் மேலே போகாமல் அருகிலேயே சுழல்வது, காதில் திடீர் அழுத்தம், சுவர் மேல்நோக்கி ஓடுவதுபோல் தெரிவது. நேராக மேலே உதைப்பது பயன் தராது. சுவர் கைக்கெட்டினால் பாறையைப் பற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் சுவரிலிருந்து விலகிக் கிடைமட்டமாக நீந்துங்கள், பெரும்பாலும் அந்தப் புரளல் குறுகிய பட்டைதான். பி.சி.டி.யில் காற்றைச் சேர்க்கலாம், ஆனால் கை வெளியேற்றும் பொத்தானிலேயே இருக்க வேண்டும்: பட்டையை விட்டு வெளியே வந்த கணமே சேர்த்த காற்றெல்லாம் உங்களை மேலே எறியும்.

மிதவைக் குழாயும் தோணியும்

கொக்கியை விட்டபின் டைவின் இரண்டாம் பகுதி இனிமையானது. கால்வாயின் பக்கச் சுவரோடு மிதந்தபடி 12 மீட்டருக்கும் அதன் மேலும் ஏற, ஓட்டம் தளரும், கழுகுத் திருக்கைகளும் நெப்போலியன் மீன்களும் கடக்கும். நடுக்கால்வாயில் மிதந்தால் படகுகள் போகும் வழி அது. பக்கத்தை விட்டு விலகாதீர்கள்.

மிதவைக் குழாய் குறைந்தது 1.2 மீட்டர் நீளம், நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள், சுருளில் 15 மீட்டருக்குக் குறையாத கயிறு. ஒவ்வொருவரிடமும் ஒன்று; பயன்படுத்துவது இணைக்கு ஒன்று. நிறுத்தத்துக்கு முன்பே விட வேண்டும், ஏனெனில் தோணிக்காரர் உங்களைக் கண்டுபிடிக்க அந்த மூன்று நிமிடமும் வேண்டும். சுருளைப் பி.சி.டி.யில் மாட்டியபடி குழாயில் காற்றை நிரப்புவதுதான் வழக்கமான தவறு: கயிறு சிக்கினால் குழாயோடு ஆளும் மேலே போவார். சுருள் கையில் மட்டும், விரலால் தடுத்துவிடும்படி இருக்கட்டும்.

இரண்டு நாட் ஓட்டத்தில் 10 நிமிடத்துக்கு 600 மீட்டர். அலை சற்று இருந்தாலே தண்ணீரில் தெரியும் தலையை 200 மீட்டருக்கு அப்பால் பிடிப்பது கடினம். நிமிர்ந்த குழாய் வெகுதூரம் தெரியும். தோணி கடைசி ஆள் மூழ்கும் வரை விட்ட இடத்தில் நின்று, பின் உடனே லகூன் பக்கத்துக்கு வந்து காத்திருக்க வேண்டும். மேலே வந்து தோணியைக் காணாவிட்டால் சேர்ந்திருங்கள், பி.சி.டி.யை நிரப்புங்கள், ஓட்டத்துக்குக் குறுக்காகப் பக்கப் பாறையை நோக்கி மெதுவாக நகருங்கள். உள்ளோட்டம் உங்களைக் கொண்டுபோவது லகூனுக்குள். தேடும் பரப்பு சிறியது.

பக்கத்துத் தளங்கள்

வாவுவின் கிழக்கு முனையில் இருக்கும் ஃபொத்தேயோ கண்டு, மியாருவைவிட அகன்ற வாய். விளிம்பின் கீழ் குகைபோன்ற தாழ்வாரங்கள், மஞ்சள் மென்பவளம் தொங்கும் கூரைகள், இடையே நுழைந்து வெளியேறும் துளைகள். விடியற்காலையில் நீலத்தில் கொம்பன் சுறாக்களைத் தேடுபவர்களும் உண்டு. சிக்கல் அந்தத் தேடலில்தான்: சுவரை விட்டு நீலத்துக்குள் போகும்போது ஆழம் தெரியாமல் கூடும். அழகு மொத்தமும் விளிம்பின் தாழ்வாரங்களில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அலிமதா தீவின் படகுத்துறையில் இரவு டைவ் வேறு வகை. 10 முதல் 15 மீட்டரில் மணல் தரை, ஓட்டம் குறைவு, நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் உடலை உரசிக்கொண்டு போகும். மீன் கழிவு போட்டுப் பழக்கப்பட்ட கூட்டம் அது. முழங்காலைத் தரையில் ஊன்றி, கைகளை உடலோடு வைத்து, விளக்கைத் தாழ்த்தி இருப்பதே போதும். ஒரே இரவில் நாலைந்து படகுக் குழுக்கள் சேர்ந்தால் வழிகாட்டியைத் தவறவிடுவது நிச்சயம். டேங்கில் அடையாள விளக்கு வேண்டும்.

வெளியோட்டத்தைத் தேடிப் போகும் டைவும் உண்டு. அதே வடகிழக்குப் பருவத்தில் அரி அட்டோலின் மேற்குப் பக்கத்தில், லகூனிலிருந்து வெளியேறும் மிதவை உயிரிகளைத் தின்ன மான்டா திருக்கைகள் வருகின்றன. இடையில் சுத்தம் செய்துகொள்ளப் பாறைகளில் நிற்கின்றன. அங்கே டைவர் வாயின் நடுவில் போவதில்லை. வெளிப்பாறையின் மேல் 12 முதல் 20 மீட்டரில், சுத்தம் நடக்கும் பாறைக்கு ஓரமாகத் தாழ்ந்து இருப்பார். மான்டாவுக்கு மேலே போய்க் குமிழி விட்டால் அது கிளம்பிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மான்டாக்கள் கிழக்குப் பக்கம் மாறும். பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடா அப்போதுதான் நிறைகிறது. அங்கே 2012 முதல் ஸ்கூபா தடை. ஒரு நேரத்தில் 80 பேர், 5 படகுகள், ஆளுக்கு 45 நிமிடம், ஸ்நார்க்கல் மட்டும். குமிழிகள் இல்லாத தண்ணீரில் மான்டாக்கள் அருகே வருகின்றன; தடை சரியான முடிவு.

மேலே வந்த பிறகு

வேகமாக ஏறினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி டிகம்ப்ரஷன் நோய் வரலாம். அப்படி ஏறியவர் நலமாக உணர்ந்தாலும் அன்று மறுபடி தண்ணீரில் இறங்கக் கூடாது. தோளில், முழங்கையில் வலி, தோலில் பளிங்குக்கல் போன்ற திட்டு, அசாதாரணக் களைப்பு, கால் மரத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை, இவற்றில் எது தெரிந்தாலும் 100 சதவீத ஆக்சிஜன், முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர், படுத்த நிலை, வாந்தி இல்லாவிட்டால் தண்ணீர். தோணியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை லிட்டர், யாருக்கு இயக்கத் தெரியும் என்பதைப் பயணத்தின் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை வடக்கு மாலே அட்டோலின் பண்டோஸ் தீவில் உண்டு. வாவுவிலிருந்து ஸ்பீட்போட்டில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காத்திருந்து பார்ப்போம் என்று மாலை வரை விடுவது அந்த இரண்டு மணி நேரத்தை இருட்டில் போட வைக்கும்.

விமானத்துக்கு முன் பல நாள் டைவ் செய்தவர்களுக்கு வழக்கமான பரிந்துரை குறைந்தது 18 மணி நேரம். கடல்விமானத்துக்கும் இது பொருந்தும். மறுநாள் காலை 8 மணி விமானம் என்றால் முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குள் கடைசி டைவ் முடிந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் கேட்கும் மையங்களில் அந்த நாள் முழுவதும் டைவ் இல்லை. ஓதம் அன்று பிற்பகலில்தான் உள்ளே வருகிறது என்றால் மியாரு கண்டுவை அதற்கு முந்தைய நாளுக்கே மாற்றி வையுங்கள்.